அம்மாவின் தொலைபேசிக்கும் எடுக்கலாம்

யாழ்ப்பாணம்,
05.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன்னுடைய சுகத்தையும் மருமகளினதும் பேரப்பிள்ளைகளினதும் சுகத்தையும் ஞாயிறு தோறும் அப்பா எனக்குச் சொல்லிவருகிறார். நீ அப்பாவின் தொலைபேசிக்கு எடுப்பதும், பேசி முடிகிற நேரத்தில் "அம்மா சுகமோ" என்று கேட்பதும், நான் கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வருவதற்குள் வைத்துவிடுவதும் வேலைக் களைப்பினால்தான் என்று அவர் சொல்கிறார். அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்துக்கொள்கிறேன். இரவு வேலை என்றால் பகலில் நன்றாக உறங்க வேண்டும். வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே. அங்கே குளிர் தொடங்கிவிட்டதாம், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

மாமியின் தமக்கை மகன் அடுத்த கிழமை கனடாவுக்குத் திரும்புகிறார். ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடும் பையில் இக்கடிதத்தையும் வைக்கிறேன். தொலைபேசியில் என்றால் நீ நடுவிலே பேசுவாய், எனக்குக் கோபம் வரும். கடிதத்தில் என்னை யாரும் இடைமறிக்க முடியாது. உள்ளூராட்சி சபை உறுப்பினராகிய எனக்குச் சபையில் கிடைக்காத வசதி அது.

சித்திரை மாதத்தில் மாமி ஒரு படம் அனுப்பியிருந்தார். ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், வேட்டி கட்டிக்கொண்டு, அன்னை பூபதியின் படத்துக்கு நீ மலர் தூவுகிறாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்து வளவுக்காரருக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். மட்டக்களப்பு அன்னையர் முன்னணியின் சார்பில், இந்தியப் படையும் புலிகளும் போரை நிறுத்திப் பேச வேண்டும் என்று கேட்டு, மாமாங்கப் பிள்ளையார் கோவிலடியில் 1988 மார்ச் 19 இல் உண்ணாவிரதம் தொடங்கி, ஏப்ரல் 19 இல் உயிர்விட்டவர் அவர். பத்துப் பிள்ளைகளைப் பெற்ற தாய். அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது "உங்களுக்கு ஏன் அம்மா இது" என்று கேட்டிருப்பார்களோ என்று சித்திரையில் எனக்குத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது. இறந்துபோன தாய்க்கு மாலை போடுவது எங்கள் சனங்களுக்கு எளிது. உயிரோடு இருக்கிறவள் வாயைத் திறந்தால்தான் தலையிறக்கமாகிவிடுகிறது. இதை நான் உனக்காகச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

ஆடி மாதத்துச் சபை அமர்வின் ஒளிப்பதிவை நீ பார்த்தாயோ இல்லையோ எனக்குத் தெரியாது. கோவிலில் யாரோ உன்னைக் "கக்கூஸ் ரீச்சரின் மகன்" என்று பகிடி பண்ணியதாக மட்டும் மாமியின் பேச்சிலிருந்து விளங்கிக்கொண்டேன். ஒளிப்பதிவின் தொடக்கத்தை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்கள், ஆகவே அதற்கு முன் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் சந்தைக்குக் கீரையும் மரவள்ளியும் வாழைப்பொத்தியும் கொண்டுவரும் பெண்கள் விடியப்புறம் பேருந்து ஏறி வருகிறவர்கள். பிற்பகல் வரைக்கும் எழும்ப மாட்டார்கள். அங்குள்ள ஒரேயொரு மலசலகூடத்தில் தண்ணீரும் இல்லை, கதவுக்குக் கொக்கியும் இல்லை. ஆண்களுக்கும் அதுதான். அதனால் அந்தப் பெண்கள் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் குடிப்பதில்லை. எங்கள் ஒழுங்கை முடக்கிலிருந்து போகிற கீரைக்காரி சலக்கடுப்பு என்று ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் திரிகிறாள். ஆனால் அவளுடைய கடகத்துக்கு உரிய வரியை மட்டும் சந்தைக் குத்தகைக்காரர் ஒரு நாளும் விட்டுவைப்பதில்லை. பெண்களுக்கென்று தனியாக, பூட்டக்கூடிய மலசலகூடம் கட்ட வேண்டும் என்று நான் பிரேரணை கொண்டுவந்தேன். எங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிற ஒரு பெண் உறுப்பினர் வழிமொழிந்தார். நான் கட்சிப் பட்டியலிலிருந்து ஆசனம் பெற்றவள். அப்போதுதான் ஓர் உறுப்பினர், வட்டாரத்தில் வென்று வந்தவர், "ரீச்சர், பட்டியலிலை வந்தனீங்கள் இவ்வளவு கதைக்கலாமோ, வீட்டிலை சமைக்க ஆளில்லையோ" என்றார். சபை சிரித்தது. இந்த இடம் ஒளிப்பதிவில் இல்லை. நான் சொன்னது மட்டும் இருக்கிறது: "நான் சமைத்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்த கீரையை விற்றவள் காலையிலிருந்து சலம் கழிக்காமல் இருக்கிறாள், அதற்குத்தான் இப்போது சிரிக்கிறீர்கள்." தனியே கேட்டால் கிழவி ஒருத்தி வாய்க்கு வந்ததைப் பேசுகிறாள் என்றுதான் தோன்றும். அதன் கீழே எழுதப்பட்டவற்றை அப்பா எனக்கு முதலே வாசித்துவிட்டுத் தொலைபேசியை ஒளித்துவைத்தார். நான் எடுத்து வாசித்தேன். எழுதியவர்களில் பலர் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள்.

நீ அறிந்த அம்மம்மா, நெற்றியில் திருநீறும் கையில் பாக்குவெட்டியுமாகத் திண்ணையில் இருந்தவர். 1984 இல், இராணுவம் இளைஞரைத் தொகை தொகையாகப் பிடித்துக்கொண்டு போனபோது, யாழ்ப்பாணத்துத் தாய்மார் அன்னையர் முன்னணியாகக் கூடி, அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு ஊர்வலம் போய் அரசாங்க அதிபரிடம் தங்கள் பிள்ளைகளைக் கேட்டார்கள். பெரியமாமாவுக்காக அம்மம்மாவும் போனார். கலாசாலையில் படித்துக்கொண்டிருந்த நான் துணைக்குப் போனேன். வீட்டுக்கு அந்நிய ஆண்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவர், அன்று அங்கே பெயர் எழுதிக்கொண்டிருந்த எழுதுவினைஞருக்கு முன்னால் போய் நின்று, மாமாவின் முதலெழுத்தைப் பிழையாக எழுதிவிட்டார் என்று சொல்லி, அவர் வெட்டித் திருத்தி எழுதும் வரைக்கும் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவர் அசையவே இல்லை. வீடு திரும்பியபின் அம்மப்பா பல நாளாக அவரோடு பேசவில்லை. சோறு வேண்டுமென்றாலும் என்னைக் கூப்பிட்டுத்தான் கேட்பார். ஒருத்தியோடு கோபித்துக்கொண்டு இன்னொருவர் வழியாகச் சுகம் விசாரிக்கிற பழக்கம் எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பரம்பரையாக வருகிறது போலும்.

அந்த முன்னணி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயுதம் ஏந்தியவர்களின் நிழல் அதன்மேல் விழுந்தபின், தாய்மார் எதைக் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்பதை வேறு ஆட்கள் தீர்மானித்தார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்கள் வாயை மூடியவர்கள் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை.

உனக்கு என்மேல் கோபமில்லை, பயம்தான் என்று அப்பா சொல்கிறார். பயம் என்றால் அது நியாயமானது. 1989 இல் கணவரைக் கொழும்பில் சுட்டுக்கொன்ற பிறகும் ஊரை விட்டுப் போகாமல், 1998 தை மாதத் தேர்தலில் வென்று யாழ்ப்பாணத்தின் முதலாவது பெண் மேயராக வந்த சரோஜினி யோகேஸ்வரனை, அதே ஆண்டு மே 17 அன்று அவருடைய வீட்டில் வைத்தே சுட்டார்கள். நீ அப்போது ஆறாம் வகுப்பு. மாதர் சங்கக் கூட்டத்துக்கும் போக வேண்டாம் என்று அப்பா அன்று இரவு படலையைப் பூட்டித் திறப்பை மடியில் வைத்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். ஆனால் இன்று என்னைச் சுடுவதற்கு யாரும் வரவில்லை, சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். பயத்தையும் வெட்கத்தையும் ஒரே பெயரில் சொல்லாதே.

சின்னம்மாவைப் பற்றி நீ கேட்பதே இல்லை. 1996 புரட்டாதியில், இராணுவம் பிடித்துவைத்த பள்ளி மாணவி கிருஷாந்தியைத் தேடிக் காவலரணுக்குப் போன அவருடைய தாயும் திரும்பி வராமல் போனபின், காணாமல்போன மகன் குட்டியண்ணாவைத் தேடித் திரிந்த சின்னம்மாவைத் தனியே விடுவதில்லை என்று நானும் பெரியம்மாவும் முடிவு செய்தோம். முகாம், கச்சேரி, செஞ்சிலுவைச் சங்கம், ஆணைக்குழு என்று எங்கு போனாலும் கூடவே போனோம். மனு எழுதுவதும் மனுவின் படியைப் பத்திரமாக வைப்பதும் எனக்குப் பழகியது அங்கேதான். சின்னம்மா எங்கும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "கூட்டிக்கொண்டு போனதைக் கண்டனான், கொண்டுவந்து விட்டதைக் காணேல்லை." இந்த ஆண்டு செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்து மனிதப் புதைகுழியைத் தோண்டத் தொடங்கி, 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள்; சிறுபிள்ளைகளுடையவையும் உண்டு, பள்ளிப் பை ஒன்றும் பொம்மையும் வெளிவந்தன. ஆனி மாதம் அதற்கு நீதி கேட்டு நடந்த அணையா விளக்குப் போராட்டத்தில் நானும் சின்னம்மாவும் இருந்தோம். மீட்ட பொருட்களை ஆவணியில் சனங்களுக்குக் காட்டியபோது சின்னம்மா வரிசையில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இது இல்லை, இது இல்லை என்றபடி வந்தவர், முடிவில் அங்கு நின்ற அதிகாரியிடம், அடுத்த முறை எப்போது காட்டுவீர்கள் என்று கேட்டார். அவரைப் பற்றி யாரும் ஒளிப்பதிவு போட்டுப் பகிடி பண்ணுவதில்லை. பிள்ளையை இழந்தவள் பேசினால் ஊர் பொறுத்துக்கொள்ளும். பிள்ளைகள் உயிரோடும் வசதியோடும் இருக்கிறவள், குடிநீரையும் மலசலகூடத்தையும் பற்றிப் பேசுவதைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை.

குடிநீர் என்றதும் கிணற்று விஷயமும் வருகிறது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த காலத்தில் நீ அனுப்பிய பணத்தில்தான் நாங்கள் தண்ணீர் வாங்கினோம். அதை நான் மறக்கவில்லை. நிலத்தடி நீரைத் தவிர எங்களுக்கு வேறு நீர் ஏது? எங்கள் ஒழுங்கையில் அதை முதலில் அறிந்தவர்கள் பெண்கள். சோறு மணத்தது, துவைத்த துணி மணத்தது. கூட்டத்துக்குப் போனால் குடும்பத் தலைவர் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று ஓர் அதிகாரி சொன்னார். அவரவர் கிணற்று நீரைப் போத்தலில் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டு, குடும்பத் தலைவர்கள் வரும் வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும் என்றோம். மணம் தாங்காமல் அவர் எங்களுடைய கையெழுத்தை ஏற்றுக்கொண்டார். 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தபோது அப்பா பத்திரிகையை எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். அவர் எனக்கு வெளிப்படையாகத் தந்த பாராட்டு அது ஒன்றுதான்.

இனி, பட்டியல். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளூராட்சி சபைகளில் நான்கில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். அதற்கு முன் நாடு முழுவதிலும் நூற்றுக்கு இரண்டு பேரளவில்தான் இருந்தார்கள். வட்டாரங்களில் பெண்களை நிறுத்தக் கட்சிகளுக்கு மனமில்லை. சட்டம் பட்டியலில் பாதிப்பேர் பெண்கள் என்று சொல்வதனால், நியமனப்பத்திர நேரத்தில் வீடு வீடாகப் பெண் தேடித் திரிகிறார்கள். கலியாணத் தரகர்கூட இவ்வளவு அவசரப்பட மாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களும் "ரீச்சர், பெயரை மட்டும் தாருங்கோ, நீங்கள் வெளியிலை வரத் தேவையில்லை" என்றுதான் கேட்டார்கள். கொடுத்தேன். மே 6 அன்று தேர்தல் முடிந்து ஆசனம் கிடைத்ததும், வெளியிலும் வந்தேன். அது அவர்கள் எதிர்பாராதது. பெண்களுக்கென்று கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தவர்தான். படித்தவர்கள் சிரிப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை.

மாதர் சங்கத்தில் இருக்கலாம், கோவில் அன்னதானத்துக்குக் காய் வெட்டலாம், சபைக்குப் போகலாகாது என்று நீ நினைக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். நான் பெற்று, நான் படிப்பித்த பிள்ளை நீ. ஆனால் அம்மாவை இங்கே கூப்பிட்டுவிடலாம், பேரப்பிள்ளைகளோடு ஆறு மாதம் இருக்கட்டும், அதற்குள் இந்தச் சபை வேலையும் விட்டுப்போகும் என்று நீ அப்பாவிடம் சொன்னதாக அறிகிறேன். பேரப்பிள்ளைகளைப் பார்க்க எனக்கு ஆசையில்லாமலில்லை. சின்னவள் அம்மம்மாவைப் போலவே பிடிவாதக்காரி என்று மாமி சொல்கிறார். வரத்தான் போகிறேன், வைகாசி அளவில், திரும்பி வரும் திகதியும் குறித்த பயணச்சீட்டோடு. அதற்கு முன் என் பெயருக்கு ஒன்றும் எடுத்துவிடாதே, காசை வீணாக்காதே.

வரவு செலவுத் திட்டம் வருகிற மாதம் சபைக்கு வருகிறது. சந்தை மலசலகூடத்துக்கு நிதி ஒதுக்கினால் நான் ஆதரித்துக் கை உயர்த்துவேன். ஒதுக்காவிட்டால் எங்கள் கட்சி கொண்டுவருகிற திட்டமாக இருந்தாலும் எதிர்த்து உயர்த்துவேன் என்று தவிசாளரிடம் சொல்லிவிட்டேன். வழிமொழிந்த அந்தப் பெண்ணும் அப்படியே சொல்லியிருக்கிறார். இரண்டு வாக்கு எங்கள் சபையில் சிறிய விஷயமில்லை. கட்சியிலிருந்து விலக்குவார்கள் என்கிறார்கள், பார்ப்போம். அன்றும் யாராவது ஒளிப்பதிவு எடுப்பார்கள். அதை வெட்டாமல் முழுவதும் எடுத்து உனக்கு அனுப்பும்படி பக்கத்து வளவுப் பெடியனிடம் சொல்லியிருக்கிறேன்.

மற்றச் செய்திகள்: சின்னம்மாவின் பேத்திக்குக் கலியாணம் தையில். வடக்குப் பக்க ஓடு மாற்றியாயிற்று. அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் கூட, ஆனால் நான் இல்லாத நேரத்தில் பனங்கட்டியோடு தேநீர் குடிக்கிறார். அதை நீ கண்டித்துச் சொல்ல வேண்டும். நன்றாக உறங்கு. வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே.

ஞாயிறு அன்று எட்டு மணிக்குப் பிறகு எடு, அதற்கு முன் நான் சந்தையில் இருப்பேன். அப்பாவின் தொலைபேசிக்கு வேண்டாம், என்னுடையதற்கு எடு.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா