ஆறிய பிரேக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

நீலகிரியில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடும் நண்பர்களுக்கு வணக்கம்.

நான் மேட்டுப்பாளையத்தில் சைக்கிள் பழுது பார்ப்பவன். நீங்கள் மேலே கொடுத்தனுப்பும் வண்டிகளில் சில, கீழே என் கடை வாசலில் வந்து நிற்கின்றன. போன மாதம் ஓர் இளைஞர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். குன்னூர் மலைச்சாலையில் பர்லியாருக்குக் கீழே பிரேக் லீவர் கைப்பிடிவரை போய் ஒட்டிக்கொண்டதாம். மண்மேட்டில் மோதித்தான் நின்றிருக்கிறார், முழங்கையெல்லாம் சிராய்ப்பு. நான் லீவரை அழுத்திப் பார்த்தேன், கல் போல் இறுகியிருந்தது. உங்களில் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து அதைச் சொன்னதும், "அப்படியானால் அவருக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று முடித்துவிட்டார்.

அவசரத் தீர்ப்பு அது. டிஸ்க் பிரேக்கில் லீவரின் அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோவது குழாயிலுள்ள எண்ணெய். அது சூட்டில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால் லீவர் தொளதொளவென்று உள்ளே போகிறது. ஆறியதும் ஆவி திரும்பவும் திரவமாகி, லீவர் ஒன்றும் அறியாததுபோல் இறுகிக்கொள்கிறது. சாட்சி வேண்டுமென்றால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டை இருபுறமும் கவ்வும் பேடைக் கழற்றிப் பாருங்கள். அன்று நான் கழற்றியவை கண்ணாடிபோல் மினுங்கின. டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது. இரண்டும் கடும் சூட்டின் தடம்.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போடலாம். குன்னூரிலிருந்து இங்கே இறக்கம் ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆளும் வண்டியுமாக 90 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகமாகப் போனால் காற்று அதில் நல்ல பங்கை வாங்கிக்கொள்ளும். 14 கொண்டை ஊசி வளைவுகளில் பயந்து பயந்து இறங்குகிறவருக்கு ஏறக்குறைய எல்லாமே இரண்டு மெல்லிய தட்டுகளின் தலையில்தான். லாரி ஓட்டுநர் கியரைக் குறைத்து எஞ்சினை இழுக்க விடுவார். சைக்கிளில் அதற்கு வழியேது?

ஆகவே வண்டி கொடுக்குமுன் எடையைக் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, துணிக்கடையில் அளவு கேட்பதில்லையா? கனத்த ஆளுக்கு 160 மில்லிமீட்டர் டிஸ்க் உள்ள வண்டியைத் தள்ளிவிடாமல் 180 அல்லது 203 கொடுங்கள். நீண்ட இறக்கத்துக்கு பிசினால் ஆன ரெசின் பேடைவிட உலோகப் பேடு சூட்டைத் தாங்கும். சத்தம் போடும், போடட்டும்.

எண்ணெயை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதுதான் எனக்கு மிகவும் கோபம் வரவழைப்பது. டாட் 4 என்ற வகை பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்குக் குறையாத அதன் கொதிநிலை, ஈரமேறினால் 155 வரை இறங்கலாம். வேறு சில பிரேக்குகளில் ஊற்றும் மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் தப்பித்தவறி உள்ளே போன தண்ணீர் தனியாகப் பிரிந்து, பேடுகளை அழுத்தும் தாழ்வான காலிப்பரில் தங்கி, நூறு டிகிரியையொட்டியே கொதிக்கத் தொடங்கும். இரண்டு பருவமழையும் மூடுபனியும் உள்ள ஊர் உங்களுடையது.

ஓட்டுகிறவருக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கக் கூடாது. வளைவுக்கு முன் இரண்டையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு முழுதாக விட வேண்டும். விடும்போதுதான் தட்டு ஆறும். பர்லியாரில் நிறுத்தி ஒரு தேநீர் குடிக்கச் சொல்லுங்கள். சூடான டிஸ்க்கைத் தொடவோ அதில் தண்ணீர் ஊற்றவோ வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த இளைஞரின் முன்பணத்தைப் பிடித்து வைத்திருப்பதாக அறிகிறேன். கழற்றிய பேடுகள் என் கடையில் இருக்கின்றன. வந்து பார்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அடிவாரத்துச் சைக்கிள் கடைக்காரன்