மோடத்தின் பின்பக்கம் எட்டு சுவிட்சுகள்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா, அப்பா உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. நீ கேட்ட மோடத்தை ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் பெட்டி அது. வெளியே வைக்கும் மாடல், யு.எஸ். ரோபாடிக்ஸ் ஸ்போர்ட்ஸ்டர், 33.6 (வினாடிக்கு 33,600 பிட் வேகம்). மாட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிடு.

முதலில் கரண்ட். இங்கே அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கூட வரும் அடாப்டரை நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அங்கேயே வேறு அடாப்டர் வாங்குவதானால், இதன் மேல் அச்சடித்திருக்கும் 'அவுட்புட்' வரியைப் பார்த்து, அதே வோல்ட், அதே ஆம்பியரில் வாங்கு. ஏ.சி.யா டி.சி.யா என்பதையும் கவனி. மோடம் அடாப்டர்களில் பல ஏ.சி.யைத்தான் வெளியே தரும். முனை பொருந்துகிறதே என்று ரேடியோ அடாப்டரைச் செருகிவிடாதே.

காம் போர்ட் (மோடம், மவுஸ் மாட்டும் வாய்க்குக் கம்ப்யூட்டர் தரும் பெயர்), ஐ.ஆர்.க்யூ. (அந்த வாய் ப்ராசஸரை அழைக்கும் லைனின் நம்பர்) எதையும் இந்த மோடத்தில் செட் பண்ண முடியாது. பலர் குழம்புவது இங்கேதான். உள்ளே செருகும் மோடம் கார்டில் அதற்கு ஜம்பர் (பின்களை இணைக்கும் குட்டித் தொப்பி) உண்டு. வெளி மோடத்துக்கு அந்த வேலையைச் செய்வது கம்ப்யூட்டரில் இருக்கும் சீரியல் போர்ட். உன் மெஷினில் அது இருப்பது மல்டி ஐ/ஓ கார்டில் (சீரியல் போர்ட் போன்றவை சேர்ந்த கார்டு). ஆகவே ஜம்பர் அங்கே, சுவிட்சு இங்கே.

கார்டில் மவுஸ் காம்1, ஐ.ஆர்.க்யூ. 4-இல் இருந்தால், மோடத்தைக் காம்2, ஐ.ஆர்.க்யூ. 3-இல் வை. காம்3 வேண்டாம். அது வழக்கமாக அதே 4-ஐத்தான் எடுத்துக்கொள்ளும். கார்டு செருகும் ஐசா பஸ்ஸில் இரண்டு போர்ட் ஒரே ஐ.ஆர்.க்யூ.வைப் பகிர்ந்தால் சரிவராது. மோடம் டயல் செய்ததும் மவுஸ் அப்படியே நின்றுவிடும். காம்3-ஐத் தவிர்க்கவே முடியாவிட்டால் ஐ.ஆர்.க்யூ. 5-க்கு ஜம்பரை மாற்று, ஆனால் சவுண்டு கார்டு அதைப் பிடித்திருக்கிறதா என்று முதலில் பார். ஜம்பர் நம்பர் கார்டுக்குக் கார்டு மாறும். பக்கத்தில் வெள்ளை எழுத்தில் போட்டிருப்பதைத்தான் நம்ப வேண்டும். கரண்டை நிறுத்தி, கேஸின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கைவை. இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று வறண்டு, கதவுப் பிடியைத் தொட்டாலே 'சுளீர்' என்று பொறி பறக்கும். கார்டு, சிப் எதையும் வெறுங்கையால் எடுக்கவே பயம். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த அளவு இருக்காது. இருந்தாலும் பழக்கத்தை விடாதே.

கார்டு வெளியே இருக்கும்போதே சீரியல் போர்ட்டை ஓட்டும் சிப்பின் பெயரையும் படி. 16450 என்றால் ஒரு பைட்டுக்குத்தான் இடம். வினாடிக்கு 57600 பிட் வேகத்தில் வேறு வேலை நடக்கும்போது பைட் தவறும், ஃபைல் இறங்குவது திரும்பத் திரும்பத் தடைபடும். 16550ஏ-வில் 16 பைட் பிடிக்கும். சிப் சாக்கெட்டில் இருந்தால் மாற்றலாம், வெட்டு இருக்கும் முனை அதே பக்கம் வரவேண்டும். அது வேறு சிப்புக்குள்ளேயே சேர்ந்திருந்து பெயர் தெரியாவிட்டால், விண்டோஸை விட்டு டாஸுக்குப் போய் எம்.எஸ்.டி. என்ற சோதனை புரோகிராமை ஓட்டிப் பார். விண்டோஸுக்குள் ஓட்டினால் 8250 (பழைய சிப்) என்று தப்பாகச் சொல்லும்.

இப்போது மோடத்தின் பின்பக்கச் சுவிட்சுகள், 1 முதல் 8 வரை. கீழே தள்ளினால் ஆன். 3, 5, 8 கீழே, மற்றவை மேலே. கம்பெனியிலிருந்து வருவதும் அப்படித்தான், ஆனால் பிரித்துப் பார்த்த பெட்டியை நம்பாதே. 8 மேலே போனால் மோடம் எந்தக் கட்டளையையும் கேட்காது. 3 மேலே போனால் கேட்கும், பதில் சொல்லாது. பார்வைக்கு இரண்டும் செத்த மோடம்தான். 5 மேலே இருந்தால் முதல் மணியிலேயே அதுவே எடுத்துவிடும். நான் போன் செய்தால் அம்மா 'ஹலோ' சொல்வதற்குள் என் காதில் 'கிரீச்' என்று கத்தும். 6-ஐக் கீழே தள்ளினால் லைன் அறுந்த பிறகும் இணைப்பு இருப்பதாகவே புரோகிராம் நினைக்கும். 1 கீழே இருந்தால் புரோகிராமை மூடினாலும் மோடம் போனை வைக்காமல் போகலாம், பில் ஏறும். சுவிட்சை மாற்றிய பின் மோடத்தை அணைத்துப் போடு. ஓடும்போது மாற்றினால் கண்டுகொள்ளாது.

கேபிள், ஒரு முனை 25 பின், மறுமுனை 9 பின், மோடத்துக்கு என்றே விற்பது. நல்-மோடம் கேபிள் (இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைப்பது) வேண்டாம். மவுஸோடு வரும் குட்டி அடாப்டரிலும் எல்லாக் கம்பியும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

விண்டோஸில் உள்ள ஹைப்பர்டெர்மினலில் (மோடத்துக்குக் கட்டளை அடிக்கும் புரோகிராம்) காம்2-ஐத் திறந்து ஏ.டி. (AT) என்ற இரண்டு எழுத்தை அடித்து என்டர் தட்டு. 'ஓகே' வந்தால் சரி. வராவிட்டால் முன்பக்கம் எஸ்.டி. (SD, டேட்டா அனுப்புவதைக் காட்டும்) விளக்கைப் பார்த்துக்கொண்டே திரும்ப அடி. விளக்கு மினுக்கினால் எழுத்து மோடம்வரை போகிறது, கோளாறு 3 அல்லது 8-இல். மினுக்காவிட்டால் கேபிள் அல்லது கார்டு, சுவிட்சைத் தொடாதே. எழுத்து இரண்டிரண்டாக வந்தால் டெர்மினலில் லோக்கல் எக்கோவை (அடித்த எழுத்தைத் தானே திரையில் காட்டுவதை) எடுத்துவிடு.

டயல் டோனில் ஒரு சிக்கல் வரலாம். இங்கே அது 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்த ஒலி, மோடமும் அதைத்தான் எதிர்பார்க்கும். அங்கே 'நோ டயல்டோன்' என்று அடம்பிடித்தால் டயல் கட்டளைக்கு முன் எக்ஸ்3 (X3) சேர்த்துவிடு, டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். எக்ஸ்சேஞ்ச் பல்ஸ் (பழைய சுழல் டயல் முறை) மட்டும்தான் என்றால் டயல் கட்டளையில் டி.டி.க்குப் (DT) பதில் டி.பி. (DP) போட்டு டயல் செய். தப்பு நம்பர் போனால் &பி1 (&P1) போட்டுப் பார், பல்ஸில் லைனை இணைக்கும்/அறுக்கும் நேர விகிதம் 39/61-லிருந்து 33/67-க்கு மாறும். எல்லாம் சரியானதும் &டபிள்யூ (&W) கொடுத்துச் சேமி. சுவிட்சு 7 மேலே இருந்தால்தான் அடுத்த முறை ஆன் செய்யும்போது அந்த செட்டிங்கை எடுக்கும்.

மழை, இடி என்றால் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, போன் ஒயரையும் கழற்றிவிடு. எது எரிகிறது, எது எரியவில்லை என்று விளக்கு வாரியாக எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்