ஆண்டறிக்கை 2024–25: செயலாளர் உரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு, நவராத்திரி கொலு, ரத்ததான முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. படங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன. பார்த்தவர்களுக்கே மறுபடி விவரிக்கத் தேவையில்லை. பொங்கலன்று மைக் மக்கர் செய்ததையும் பெரிதுபடுத்த வேண்டாம். அதனால் இரண்டு பேச்சாளர்கள் சுருக்கமாக முடித்துக்கொண்டது நல்லதாகவே போயிற்று.

இந்த ஆண்டு தில்லியில் நம் சங்கம் கூடுதலாக மெனக்கெட்டது மேஜர் மாரியப்பன் சரவணன் நினைவுக்காக. கார்கில் போரில் அவர் உயிர்நீத்து 2024 மே 29-ஆம் தேதியோடு 25 ஆண்டுகள் நிறைந்தன. ராமேஸ்வரத்தில் பிறந்தவர், திருச்சிக்காரர், பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனில் அதிகாரி. இறக்கும்போது வயது 26.

ஒரு பிரமுகரை அழைத்து, சால்வை போர்த்தி, மேடை போடலாம் என்றுதான் செயற்குழுவில் முதலில் பேச்சு வந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒப்பவில்லை. “ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசுவாங்க. அதுல அந்தப் பையன் பேரு ரெண்டு தடவை வரும். அதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?” என்றார். அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. பிள்ளைகளுக்கு முதலில் நடந்ததைச் சொல்வோம், பிறகு தேசியப் போர் நினைவிடத்துக்கு அழைத்துப் போவோம் என்று முடிவானது.

மே 29 அன்றே போயிருக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு: தில்லியின் முங்கேஷ்பூர் வானிலை நிலையம் 52.9 டிகிரி காட்டிய நாள் அது. கருவிக் கோளாறு என்று பிற்பாடு சொன்னார்கள். கோளாறைக் கழித்தாலும் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகிற வெயில் இல்லை. பாதிப் பேர் விடுமுறைக்கு ஊருக்கும் போய்விட்டார்கள். அதனால் ஜூலை 26, கார்கில் வெற்றி நாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம்.

அதற்கு முந்தைய வகுப்பில் சுபேதார் ஐயா கரும்பலகையில் கார்கில் போர்முனையின் பட்டாலிக் பகுதி மலைகளை வரைந்து, எதிரி மேலே, நம் ஆட்கள் கீழே என்று காட்டினார். விடியும் முன் சரவணன் தன் வீரர்களோடு ஏறியதையும், ராக்கெட் லாஞ்சரால் எதிரி நிலையைத் தாக்கியதையும், காயம்பட்ட பிறகும் இறங்காமல் சண்டையிட்டு வீழ்ந்ததையும், பிற்பாடு வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டதையும் குரலை உயர்த்தாமல் சொன்னார். உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று என்றதும், ஆறாம் வகுப்புப் பையன் எழுந்து, “ஏன் தாத்தா உடனே போய்த் தூக்கிட்டு வரல?” என்று கேட்டுவிட்டான்.

சுபேதார் ஐயா பதிலுக்கு இன்னொருவரைப் பற்றிச் சொன்னார். நம் தில்லிப் பையன், சிவாஜி கல்லூரியில் படித்தவர், கேப்டன் ஹனீஃபுத்தீன். அதே போரில் ஜூன் 6 அன்று லடாக்கின் துர்துக் பகுதியில் இறந்தார். போகும்போதெல்லாம் எதிரி சுட்டதால் அவர் உடலையும் எடுக்க முடியவில்லை. தரைப்படைத் தளபதி அவருடைய தாயாரிடம் அதை விளக்கியபோது, தன் மகன் உடலுக்காக இன்னொரு வீரரின் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். பையன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

நினைவிடத்தில் தியாக சக்கரத்தின் கருங்கல் சுவர்களில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. எந்தச் சுவர் என்று அங்கிருக்கும் திரையில் தேடிக் குறித்துக்கொண்டு போனோம். முந்தைய இரவு மழை பெய்திருந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி துப்பட்டா முனையால் கல்லைத் துடைத்துவிட்டு, சரவணன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தாள். அப்புறம் ஹனீஃபுத்தீன் எங்கே என்று பிள்ளைகளே தேடக் கிளம்பிவிட்டார்கள். டெம்போ டிராவலர் டிரைவர் இரண்டு தடவை போன் செய்த பிறகுதான் திரும்ப முடிந்தது. இடையே ஒன்று: இந்த நினைவிடத்தை வடிவமைத்தது சென்னைக் கட்டடக்கலைக் குழு. நமக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தால் தப்பில்லை.

குழந்தைகளிடம் சாவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சில பெற்றோர் வருத்தப்பட்டார்கள். அவர்கள் கவலை புரிகிறது. ஆனாலும் கொடி ஆட்டி, கோஷம் போட வைத்து அனுப்புவதைவிட இது நேர்மையானது என்பதே என் கருத்து.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானம். தில்லி கன்டோன்மென்டில் இருக்கும் ராணுவ மருத்துவமனைக்குத் தமிழக வீரர்களும் சிகிச்சைக்கு வருகிறார்கள். ஊரிலிருந்து கூட வருகிற தாய் தகப்பனுக்கு இந்தி தெரியாது. ஆட்டோக்காரரிடம் பேசுவதிலிருந்து அறை தேடுவது வரை திண்டாட்டம்தான். அவர்களுக்கு மொழி உதவிக்கும், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் தொண்டர் பட்டியல் ஒன்று தயாரிக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். பகல் நேரத்தில் வரக்கூடிய ஓய்வுபெற்ற உறுப்பினர்கள்தான் அதிகம் தேவை.

தணிக்கை செய்த கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். வண்டி வாடகை முழுவதும் நன்கொடையில் வந்தது. சந்தாப் பணத்தைத் தொடவில்லை. தொண்டர் பட்டியலுக்கான நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. பெயரோடு, எந்தக் கிழமை வர முடியும் என்பதையும் எழுதுங்கள்.

வணக்கத்துடன்,
செயலாளர்