எதிர்ப்பு சக்திப் பொடி எதைக் கூட்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், சர்க்கரை நோயாளிகள் எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொள்ள ஒரு உணவுப் பட்டியல் வந்திருந்தது. நெல்லிக்காய், மஞ்சள் சரி. சர்க்கரைக்காரர்களுக்கான பட்டியலில் தேனும் இருந்ததுதான் வேடிக்கை. அது போகட்டும். இந்த நோயில் எதிர்ப்பு சக்திக்கு என்ன ஆகிறது என்று கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அது தெரியாமல் எதைக் கூட்டுவது?

நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர், சீட்டில் இல்லாத வேறு சிலவும் கேட்பார். தொடை இடுக்கு அரிப்புக்குக் களிம்பு, ஈறு வீக்கத்துக்கு ஜெல், விடாத இருமலுக்கு சிரப். அவருக்கு எல்லாம் தனித்தனித் தொல்லைகள். பல நேரம் வேர் ஒன்றுதான்.

சர்க்கரை ஏறியே கிடக்கும் ரத்தத்தில் வெள்ளையணுக்களுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. அவை வேலையில் மந்தமாகிவிடுகின்றன. கிருமி புகுந்த இடத்துக்கு முதலில் ஓட வேண்டிய நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் தாமதமாகப் போகின்றன. போய்ச் சேர்ந்தாலும் கிருமியை விழுங்குவதும் கொல்வதும் சரியாக நடப்பதில்லை. காலில் ரத்த ஓட்டமும் குறைந்து, உணர்ச்சியும் மரத்திருந்தால் சேற்றுப்புண் வழியாகவே பெரிய தொற்று உள்ளே போய்விடும்.

அப்படியானால் தூண்டிவிட்டால் போதுமே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். கிருமியிடம் மந்தமாக இருக்கும் அதே உடம்பில், கிருமியே இல்லாமல் அழற்சி, அதாவது எதிர்ப்பு சக்தி மூட்டும் வீக்கமும் சூடும், உமித்தீயாகக் கனன்றுகொண்டிருக்கிறது, முக்கியமாக வயிற்றுக் கொழுப்பில். பருத்த எலிகளின் கொழுப்பில் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் மிகுந்திருப்பதையும், அதை முடக்கினால் இன்சுலின் மேலாக வேலை செய்வதையும் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 1993இலேயே காட்டிவிட்டார்கள். அழற்சி இன்சுலினைத் தடுக்கிறது, சர்க்கரை ஏறுகிறது, ஏறிய சர்க்கரை அழற்சியை இன்னும் வளர்க்கிறது. மாரடைப்பு வரை கொண்டுபோய் விடுவதில் இதற்கும் பங்கு உண்டு. ஒரு பக்கம் மந்தம், மறுபக்கம் வீண் கொதிப்பு. இதில் எதைக் கூட்டுவதாக எதிர்ப்பு சக்திப் பொடி விற்கிறவர்கள் சொல்கிறார்கள்?

ஈறு நோயும் இந்தச் சுழலில் சேர்த்திதான். சர்க்கரை அதிகமானால் ஈறு கெடும் என்பது பலருக்குத் தெரியும். ஈறு அழற்சி சர்க்கரையை ஏற்றும் என்பது தெரியாது. பல் மருத்துவரிடம் போய் ஈறுகளை முறையாகச் சுத்தம் செய்துகொண்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஏறத்தாழ 0.4 புள்ளி குறைவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. எந்தப் பொடி டப்பாவும் இதைத் தந்து நான் பார்த்ததில்லை. (பொடி என் கடையிலும் இருக்கிறது, நன்றாகவே போகிறது.)

2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சை வந்ததை மறந்திருக்க மாட்டோம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை உள்ளவர்கள். கொரோனாவின் அழற்சியை அடக்கக் கொடுத்த ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றியது, இருந்த எதிர்ப்பையும் அடக்கியது. அந்த மே மாதம் பூஞ்சையைக் கொல்லும் ஆம்ஃபோடெரிசின் ஊசிக்காக ஜனங்கள் அலைந்த அலைச்சல்! கஷாயமும் பொடியும் அமோகமாக விற்ற மாதமும் அதுதான்.

ஆனால் பூஞ்சை வந்து போனது. போகாமல் இருப்பது காசநோய். சர்க்கரை உள்ளவருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டு, மூன்று மடங்கு. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், தமிழ்நாட்டுக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இன்னொரு கால் பங்கினர் அதன் விளிம்பில் நின்றார்கள். நுரையீரலில் கிருமி நுழைந்த ஆரம்பத்தில் எதிர்ப்பு மெதுவாகக் கிளம்புகிறது. கிருமி பெருகியபின் அளவுக்கு மீறிக் கிளம்பி நுரையீரலையே புண்ணாக்குகிறது. முன்னே சொன்ன மந்தமும் கொதிப்பும் ஒரே நோயில். காசநோய் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றும். போதாததற்கு, காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் இரண்டு நோய்க்கும் இரண்டு இடத்தில் மருந்து வாங்குகிறவர்கள், இரண்டு சீட்டையும் இரண்டு மருத்துவரிடமும் காட்டியே ஆக வேண்டும்.

காசநோய் என்று தெரிந்தவருக்குச் சர்க்கரை பார்ப்பது அரசுத் திட்டத்தில் இருக்கிறது. சர்க்கரை உள்ளவரிடம் இருமலைப் பற்றிக் கேட்பதுதான் நடப்பதில்லை. சிரப் கேட்பவரிடம் “ஐயா, இது எத்தனை நாள் இருமல்? டாக்டர்கிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டால், “அவர் கேட்கலை, நானும் சொல்லலை” என்பார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம். கொண்டுவரும் பணியாளர் அப்படியே இருமல் உண்டா, காலில் புண் உண்டா, ஈறில் ரத்தம் வருகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் கூடுதல் செலவு பெரிதாக இருக்காது. உங்கள் மருத்துவப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம் என்பதை அடுத்த இதழில், கொட்டை எழுத்தில் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டிக் கடையில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்கார வாசகர்,
பட்டுக்கோட்டை