பந்தலூருக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்து

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அந்தக் காலப் பொழுதுபோக்குகளைப் பற்றி வாசகர்களிடம் நான்கு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். முதன்முதலில் பார்த்த சினிமா, சிறு வயதில் ஆடிய விளையாட்டு, வானொலியில் விரும்பிக் கேட்டது, இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் பழைய பொருள். பதிலை அஞ்சலட்டையில் எழுதினால் போதும் என்றும் சொல்லியிருந்தீர்கள். அட்டையில்தான் தொடங்கினேன். மூன்றாவது கேள்விக்கு வந்தபோது இடம் தீர்ந்துவிட்டது. அதனால் இந்த நீண்ட கடிதம்.

சென்ற வாரம் வெளியான பதில்களில் நீலகிரியிலிருந்து வந்தவற்றை இரண்டு முறை படித்தேன். மே மாத மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்கா, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் மலை ரயில் என்று அழகாக எழுதியிருந்தார்கள். நானும் நீலகிரிக்காரிதான். ஆனால் பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவள். எங்களுக்கு உதகையே வெளியூர். தாவரவியல் பூங்காவுக்குள் முதன்முறையாகக் கால்வைத்தபோது எனக்கு இருபது வயது. நீலகிரியின் பழைய பொழுதுபோக்கு என்று கணக்கெடுத்தால் எங்கள் லயங்களில் நடந்ததும் அந்தக் கணக்கில் வரவேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலங்கையின் மலைப்பகுதியான மலையகத்தின் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவாயிற்று. அந்தக் கணக்கில் நாங்களும் ஒரு குடும்பம். அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரயிலில் தலைமன்னார் வந்து, கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாட்கள் இருந்துவிட்டு மலையேறினோம். அது 1972. எனக்கு வயது எட்டு. எங்களைப் போன்றவர்களைக் குடியமர்த்தவே தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தது. அப்பாவுக்குத் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. ஊரில் எங்களுக்குப் பெயர் ‘சிலோன்காரர்கள்’.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, எங்களோடு வரவில்லை. பெரியப்பா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் (அறையில்) குடியிருந்த அக்காவும் தங்கையும் அப்படித்தான் பிரிந்தார்கள்.

இனி கேள்விகளுக்கு வருகிறேன். முதலில் பார்த்த சினிமாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரசு விளம்பர வண்டி வந்து பள்ளிக்கூட மைதானத்தில் திரை கட்டிப் படம் காட்டியது. பாதிப் படத்தில் மழை பிடித்துக்கொண்டது. முடிவு என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொட்டகைக்குப் போய்ப் பார்ப்பதென்றால் கூடலூருக்குப் பஸ் ஏற வேண்டும்; அது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடக்கிற காரியம்.

விளையாட்டு என்று கேட்டால் பாட்டுக்குப் பாட்டுதான். இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, மறுநாள் நாங்களே நடத்துவோம். ஒருத்தி பாடி நிறுத்திய எழுத்தில் அடுத்தவள் தொடங்க வேண்டும். பிள்ளைகள் மட்டுமல்ல, கொழுந்து பறிக்கும் பெண்களும் நிரைக்கு நிரை எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். ‘லோ’ என்று நிறுத்தி எதிரணியை மடக்குவதில் அம்மாவை மிஞ்ச ஆள் இல்லை. கூடை நிறையும் வேகமும் அன்று கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

விளையாட்டோடு கூத்தையும் சேர்த்துச் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லாமல் விட மனம் வரவில்லை. மலையகத்திலிருந்து எங்கள் ஆட்கள் கொண்டுவந்த சொத்து காமன் கூத்து. மாசி மாதம் காமன் கம்பம் ஊன்றியதும் லயமே மாறிவிடும். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் கைகள் இரவில் தப்பு அடிக்கும். நெருப்பில் காட்டிக் காய்ச்சிய தப்பின் ஓசை பள்ளத்தாக்கில் இறங்கி எதிர்மலையில் மோதித் திரும்பி வரும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ரதியும் மன்மதனும் ஆடுவார்கள்; இருவருமே ஆண்கள்தாம். சிவனுடைய நெற்றிக்கண் பட்டு மன்மதன் எரிந்ததும் ரதி புலம்பத் தொடங்குவாள். அந்தப் புலம்பலின்போது எங்கள் லயத்துப் பெண்கள் அழுத அழுகையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. கதைக்காக மட்டும் அழவில்லை என்பது எனக்கே குடும்பம் குழந்தை என்று ஆன பிறகுதான் புரிந்தது. விட்டு வந்த தாயை, கூடப்பிறந்தவளை, அங்கே புதைத்த பிள்ளையை நினைத்து அழ அவர்களுக்கு ஆண்டில் அந்த ஓர் இரவுதான் கிடைத்தது. மற்ற நாட்களில் விடிந்தால் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டுமே.

மூன்றாவது கேள்வி வானொலி. உங்கள் வாசகர்களில் பலர் இலங்கை வானொலியைப் பற்றி எழுதியிருந்தார்கள். கே.எஸ். ராஜாவின் மின்னல் வேகப் பேச்சு, ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவான குரல் என்று அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. 1952-இல் நம் வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தபோது மக்கள் சிலோன் பக்கம் காதைத் திருப்பினார்கள். 1957-இல் விவித பாரதி வந்த பிறகும் தமிழ்நாட்டில் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் இலங்கை வானொலி பாட்டுக்காகப் பாடவில்லை. பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர்களையும் ஊர்களையும் வாசிப்பார்கள் அல்லவா, அம்மா அதற்காகக் காத்திருப்பார். பதுளை, பண்டாரவளை, மஸ்கெலியா, நுவரெலியா. ஒவ்வொரு பெயருக்கும் அவர் முகம் மாறும். அட்டன் என்று கேட்டுவிட்டால் அரிசி புடைக்கும் முறம் அப்படியே நின்றுவிடும். பாட்டு தொடங்கியதும் மறுபடி புடைக்கத் தொடங்குவார். பாட்டு என்ன பாட்டு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

அந்த டிரான்சிஸ்டரை வைத்துக் காப்பாற்றியதே தனி வேலை. ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். அப்பா அந்த லைசென்ஸ் புத்தகத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்தார். பேட்டரிக் கட்டை ஓய்ந்துவிட்டால் வெயிலில் வைத்து எடுப்பார்கள். பந்தலூரில் ஆனி ஆடியில் வெயிலுக்கு எங்கே போவது? அடுப்புக்கு மேலே பரணில் வைத்துச் சூடேற்றுவோம். செம்புக் கம்பியைச் சில்வர் ஓக் மரத்தில் உயரக் கட்டியிருந்தோம். காற்றடித்தால் அது அறுந்துவிடும், அண்ணன் மழையில் நனைந்தபடி மரமேறிக் கட்டுவான். இத்தனையும் செய்து முள்ளைத் திருப்பினால் கோழிக்கோடு நிலையம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

1976-இல் ஒரு நாள். அடைமழை, தோட்டத்தில் விடுமுறை. இலங்கை வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து போய்க்கொண்டிருந்தது. பிள்ளையின் பெயரைச் சொல்லி, வாழ்த்துபவர்களை அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, மாமா, அத்தை என்று வரிசையாக வாசிப்பார்கள். திடீரென்று பெரியம்மா மகனின் பெயர் வந்தது. பெரியப்பா பெயர், தோட்டத்தின் பெயர், எல்லாம் சரியாக இருந்தது. அம்மா எழுந்து நின்றுவிட்டார். பிறகு, இந்தியாவில் நீலகிரி பந்தலூரில் இருக்கும் சித்தி, சித்தப்பா என்று அந்தக் குரல் சொன்னது. அதோடு கரகரவென்று இரைச்சல். அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் ஜன்னலுக்கும் ஓடினான். இரைச்சல் தெளிந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை அதன் மேல் கைவைத்தபடியே இருந்தார்.

ஒரு மாதம் கழித்துப் பெரியம்மாவின் நீல நிற ஏர்மெயில் தாள் வந்தது. வானொலிக்கு அட்டை போட்டிருப்பதாகவும், யார் யார் பெயரையெல்லாம் எழுதினேன் என்றும் அதில் வரிசையாக எழுதியிருந்தார். வாழ்த்து ஒலிபரப்பாகும் முன்பே எழுதிய கடிதம். வாழ்த்து அதை முந்திக்கொண்டு வந்துவிட்டது. அந்த வரிசையில் சித்தப்பாவுக்கு அடுத்தது அண்ணன், அதற்கடுத்தது நான். மழை இரைச்சலுக்குள் என் பெயரும் போயிருக்கிறது. கொழும்பிலிருந்து ஒரு குரல், கடல் தாண்டி, மலை தாண்டி என் பெயரை உரக்கச் சொல்லியிருக்கிறது. அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த மகிழ்ச்சிக்கு ஈடாக வேறொன்றை நான் பிறகு அனுபவித்ததில்லை.

நான்காவது கேள்விக்குப் பதிலும் அதுதான். அந்தத் தாளைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்துவிட்டது, எழுத்து மங்கவில்லை. கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படமும் இருக்கிறது. பெரியம்மாவுக்கு அனுப்புவதற்காகக் கூடலூர் ஸ்டூடியோவில் நாங்கள் நால்வரும் எடுத்துக்கொண்டதன் மறுபிரதி. இது நம் உதகையிலேயே தயாராகும் ‘இந்து’ ஃபிலிம் என்று படம் எடுத்தவர் பெருமையாகச் சொன்னார். அந்தத் தொழிற்சாலையும் இப்போது இல்லை.

லேசாக எழுதச் சொன்னீர்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்தபோது பெரியம்மாவிடமிருந்து கடிதம் நின்றுவிட்டது. அந்த நாட்களில் அம்மா செய்தி நேரத்துக்கு மட்டும் பெட்டியைத் திருப்புவார். பாட்டு வந்தால் அணைத்துவிடுவார். நான்கு மாதம் கழித்து, எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று இரண்டே வரியில் கடிதம் வந்தது. அன்று மாலை அம்மா தாமாகவே பாட்டு வைத்தார்.

நாங்கள் இங்கே வந்த பிறகு அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. இருவரும் இப்போது இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கேள்விகள் கேட்கும்போது தோட்டத்துக் கூத்தைப் பற்றியும் ஒன்று கேளுங்கள். சேரம்பாடியிலும் தேவாலாவிலும் நெல்லியாளத்திலும் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அஞ்சலட்டை எழுதமாட்டார்கள். உங்கள் நிருபர் யாராவது நேரில் போனால் பாடிக் காட்டுவார்கள். எங்கள் லயத்தில் ரதி வேடம் கட்டியவர் கொளப்பள்ளியில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் பார்வை குறைந்துவிட்டது. போன மாசியில் பார்க்கப் போயிருந்தேன். புலம்பல் முழுவதையும் ஓர் அடி விடாமல் பாடினார். மாசிக்கு முன்பே ஆள் அனுப்பினால் நல்லது.

தங்கள் வாசகி,
பந்தலூர், நீலகிரி