ஆறு எங்கயடா இருக்கு?

யாழ்ப்பாணம்
ஞாயிறு பின்னேரம்

அடியேய் வாயாடி,

சுகமா இருக்கிறியோ? உன்ர கடிதம் வந்து மூண்டு கிழமையாச்சு, பதில் போடேல்லை எண்டு திட்டியிருப்பாய். திட்டு. இஞ்ச சோளகம் தொடங்கீட்டுது. திருநெல்வேலியில இருந்து பாசையூர்ப் பக்கம் எதிர்க்காத்துக்குள்ள சைக்கிள் உழக்கிப் போய்ச் சேர, வாயெல்லாம் புழுதி. திரும்பி வந்து பேனை தூக்க ஏலாது.

உள்ளகப் பயிற்சிக்கு எங்கட வகுப்பில எல்லாரும் வங்கி, அலுவலகம் எண்டு ஓட, எனக்கு வாய்ச்சது ஒரு சனசமூக நிலையம். பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளையளுக்கு 3.30 இல இருந்து 5.30 மட்டும் எழுத்துப் பழக்கிறது. ஆறாம் ஆண்டு தொடக்கம் எட்டாம் ஆண்டு வரைக்கும் 19 பேர். சம்பளம் இல்லை. பிளேன்ரீயும் பணிசும் உண்டு.

முதல் நாள் "எங்கட ஊர்" எண்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னன். பத்து நிமிசத்தில கொப்பியெல்லாம் வந்திட்டுது. எனக்குப் புழுகம். வாசிச்சால், எல்லாருக்கும் ஒரே ஊர்! பச்சைப் பசேலெண்ட வயல், சலசலத்து ஓடுற ஆறு, ஆத்தங்கரையில ஆலமரம். எடி, அந்த நிலையத்தின்ர யன்னலால எட்டிப் பாத்தால் தெரியிறது பரவைக்கடல். வள்ளம், காயப்போட்ட வலை, நண்டுக்கோது மணம். குடாநாட்டிலயே ஆறெண்டு சொல்ல வழுக்கியாறு ஒண்டுதான் கிடக்கு, அதுவும் மாரியில மட்டும் ஓடுறது.

"ஆறு எங்கயடா இருக்கு?" எண்டு கேட்டன்.

"ரியூசன் கொப்பியில, மிஸ்" எண்டான் ஒருத்தன். பகிடிக்குச் சொல்லேல்லை. உண்மையாத்தான் சொன்னவன்.

சிரிச்சிட்டுப் பேந்து யோசிச்சன். நாங்களும் உப்பிடித்தானே? கற்பகதரு கட்டுரையை நீயும் நானும் எத்தினை தரம் ஒப்புவிச்சிருப்பம். அந்தக் கட்டுரையில பனங்காய்ப் பணியாரம் வந்திருக்கும்; உன்ர அம்மம்மா பனங்காய் பிசையேக்க எங்களைக் கிட்ட வரவிடாமல் கலைக்கிறது வந்திருக்காது.

அடுத்த நாள் தலைப்புக் குடுக்கேல்லை. "இண்டைக்குக் காலமை வீட்டில ஆர் என்ன சொன்னவை? ஒரே ஒரு வசனம் எழுதுங்கோ" எண்டன். ஒருத்தரும் பேனை தூக்கேல்லை. கடைசி வாங்கில இருந்த பெடியன் எழும்பி, "மிஸ், 'எண்டு' எண்டு எழுதலாமோ, 'என்று' எண்டுதான் எழுதவேணுமோ?" எண்டு கேட்டான். ஒரு கம்பஸ் விரிவுரையிலயும் எனக்கு இந்தக் கேள்வி வரேல்லையடி. எழுது எண்டிட்டன். அவன் எழுதினது இது: "நண்டு இண்டைக்கும் கறிக்குத்தான் காணும் எண்டு அப்பா சொல்லிப்போட்டுக் குசினிக்க போகாமல் திண்ணையில இருந்திட்டார்."

வயலும் ஆறும் எழுதின அதே கைதான்.

ஆனால் ரண்டு நாளால அவன்ர தாய் கொப்பியோட வந்திட்டா. கொம்பனியில நண்டு உடைக்கிற வேலை அவவுக்கு, விரல் நுனியெல்லாம் கீறல். கோபமாப் பேசேல்லை. "பிள்ளை, நாங்கள் கதைக்கிறதை எழுதப் பழக்கிறதுக்கு நீங்கள் ஏன் கம்பஸ் போய்ப் படிச்சனீங்கள்?" எண்டு கேட்டா. சோதினையில "எண்டு" எழுதினால் புள்ளி வெட்டுவினம். புள்ளி குறைஞ்சால் இவனும் வலைக்குத்தான் போவான். அவ சொன்னதில பிழை பிடிக்க என்னால ஏலாது. இப்பவும் ஏலாது.

1960களில உதுக்குத்தானே பெரிய சண்டை பிடிச்சவை. கதையளில சனம் பேசுற தமிழை எழுதின முற்போக்கு எழுத்தாளர் ஒரு பக்கம், அது இழிசனர் வழக்கு எண்ட பண்டிதர் மற்றப் பக்கம். மரபுப் போராட்டம் எண்டு பேர். அதையும் நாங்கள் சோதினைக்குப் பாடமாக்கி எழுதிப்போட்டு மறந்தனாங்கள். ஒரு தாய் முன்னால நிக்கேக்கதான் அது எனக்கு விளங்கினது. ஆனால் பண்டிதர் பக்கம் இப்ப நிண்டது நண்டு உடைக்கிற மனுசி.

நான் கண்டுபிடிச்ச வழி பெரிசா ஒண்டுமில்லை, மேற்கோள் குறி. கரும்பலகையில பெரிசாப் போட்டு, "இது படலை. உள்ளுக்க வீட்டுத் தமிழ், வெளியால பள்ளிக்கூடத் தமிழ். திறந்தால் பூட்டவேணும்" எண்டு சொல்லிக் குடுத்தன். தமிழ் வசனத்தில உந்தக் குறியளை ஒழுங்காப் புழங்க வைச்சதில ஆறுமுக நாவலருக்குப் பெரிய பங்கு. 1848 இல வண்ணார்பண்ணையில பள்ளிக்கூடம் தொடங்கின மனுசன் நான் அதுக்குள்ள எதை அடைச்சு வைச்சிருக்கிறன் எண்டு கண்டால் காதைத் திருகியிருப்பார்.

அந்தத் தாய்க்கும் காட்டினன். "அப்ப புள்ளி வெட்டமாட்டினமோ?" எண்டா. குறிக்குள்ள இருந்தால் வெட்டமாட்டினம் எண்டு நினைக்கிறன் எண்டன். முழுக்க நம்பேல்லை. ஆனால் பெடியனை மறிக்கேல்லை.

ஒருத்தி படலையைப் பூட்ட மறந்து, மூண்டு பக்கமும் அம்மம்மாவின்ர வாயாலயே எழுதிப்போட்டாள். அதுதான் அந்தக் கிழமை திறமான எழுத்து. எனக்குச் சிவப்புப் பேனையை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை. பயிற்சி அறிக்கைப் படிவத்தில "கற்றல் பேறு" எண்டு ஒரு நிரல் கிடக்கு. அதுக்குள்ள உதை எப்பிடி அடக்கிறது எண்டு நீயாவது சொல்லு.

ஒரு உதவி செய். உங்க மட்டக்களப்பில "என்னகா", "மறுகா" எண்டு கதைப்பினமெல்லே? விடுதியில சமைக்கிற அக்கா ஒரு நாளில சொல்லுறதை அப்பிடியே படலைக்குள்ள போட்டு ஒரு பக்கம் எழுதி அனுப்பு. பிள்ளையள் வாசிச்சு எந்த ஊர் எண்டு கண்டுபிடிக்கட்டும். வாட்ஸப்பில அனுப்பாதை, தபாலில போடு. இதில பாதிப் பேர் தங்கட பேருக்கு வந்த கடித உறையைத் தொட்டே பாக்கேல்லை. 19 பேரின்ர பேரையும் பின்பக்கத்தில எழுதியிருக்கிறன், உறையில முழுக்க எழுதிவிடு. இடம் காணாட்டில் பெரிய உறையா வாங்கு.

உன்ர பக்கத்து வாங்குக்காரி