ஆறு பந்து போதாது: தெரிவுக்குழுவினருக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தெரிவுக்குழுவினருக்கும், மாவட்டம் மாவட்டமாக இளம் வீரர்களைத் தேடிப் போகும் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம். திருகோணமலையில் பின்னேரங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பந்துவீச்சு சொல்லிக்கொடுக்கிறவன் நான். சுழற்பந்து வீச்சாளனைத் தேடுகிற முறையை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல். இப்போதைய முறையில் வேகப்பந்து வீச்சாளன் அகப்படுவான், மற்றவன் அகப்படமாட்டான்.

தெரிவு முகாம் என்றால் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். காலையில் நீண்ட வரிசை. ஆளுக்கு ஆறு பந்து, மிஞ்சிப் போனால் பன்னிரண்டு. வேகமாக வீசுகிறவனுக்கு அது போதும். உயரம் கண்ணுக்குத் தெரியும், ஓடிவரும் விதம் தெரியும், வேகத்தைக் கருவி சொல்லிவிடும். ஸ்பின் போடுகிற பொடியனுக்கு முதல் ஆறு பந்து விரல் சூடேறவே சரியாகிவிடும். துடுப்பாட்டக்காரன் இரண்டு பந்தை எல்லைக்கோட்டுக்கு அடித்த பிறகும் மூன்றாவது பந்தை மேலே தூக்கிப் போட அவனுக்கு மனம் வருமா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். முகாமின் பயிற்சி வலைக்குள் ஓட்டமும் இல்லை, களத்தடுப்பாளர்களும் இல்லை. அங்கே அதை எப்படிப் பார்ப்பீர்கள்?

1998இல் லண்டன் ஓவலில் முரளிதரன் ஒரே டெஸ்ட்டில் 16 விக்கெட் எடுத்ததை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு அவர் வீசியது 113.5 ஓவர். முதல் இன்னிங்சில் 59.3, இரண்டாவதில் 54.2. இந்த ஓவர் கணக்கைத்தான் நான் பொடியன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். டெஸ்ட்டில் 800 விக்கெட்டுக்காக அவர் வீசிய பந்துகள் 44,039. விரலும் மணிக்கட்டும் அவ்வளவு வேலை செய்திருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இருபது, முப்பது ஓவர் ஆட்டங்கள். அதில் ஒருவன் வீசக்கூடியது நாலு ஓவர், ஆறு ஓவர். மிச்சக் காலமெல்லாம் மென்பந்து. மென்பந்தைக் குறை சொல்லவில்லை, சொடக்குப் பந்து போன்ற விரல் வித்தைகள் அதில்தான் பழகும். ஆனால் மென்பந்தில் தையல் கிடையாது. தையலைப் பிடித்துச் சுழற்றக் கடினப்பந்தும் நீண்ட ஆட்டமும் வேண்டும்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். என் பெரிய மனக்குறையே இதில்தான். 19 வயதுக்குட்பட்டோர் அணியில் பெயர் வராவிட்டால் இங்கே ஒருவனுடைய கிரிக்கெட் முடிந்த மாதிரி. வேலைக்குப் போய்விடுவான், அல்லது வெளிநாடு. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ரங்கன ஹேரத்தைப் பாருங்கள். 1999இல் காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். அதற்குப் பிறகு பத்து வருடம் உள்ளே, வெளியே. 2009 ஜூலையில் அவர் இங்கிலாந்தில் ஒரு கழகத்துக்காக ஆடிக்கொண்டிருந்தார். முரளிக்குக் காயம் என்று அவசரமாகக் கூப்பிட்டீர்கள். காலியில் பாகிஸ்தானுக்கு எதிராக இரண்டாவது இன்னிங்சில் 15 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். அப்போது அவருக்கு வயது 31. 2018இல் ஓய்வு பெறும்போது 433 விக்கெட், அதில் மிகப் பெரும் பகுதி முப்பது வயதைத் தாண்டி எடுத்தது. இடையில் வங்கி வேலையும் பார்த்த மனிதர்! பிரபாத் ஜயசூரியவின் கதையும் இதே வகைதான். 2022இல் முதல் டெஸ்ட் ஆடும்போது அவருக்கு 30 வயது. அந்த ஆட்டத்திலேயே அவுஸ்திரேலியாவின் 12 விக்கெட்டைச் சாய்த்தார், ஏழாவது டெஸ்ட்டில் 50 விக்கெட்டைத் தாண்டினார். கொழும்புக் கழகமோ வேலையோ கையில் இருந்தால் முப்பது வயது வரை காத்திருக்கலாம். எங்கள் மாவட்டத்து மூதூரிலும் கிண்ணியாவிலும் இருக்கிற பொடியன் எதை நம்பிக் காத்திருப்பான்?

முரளி நம்மவர் என்று இங்கே எல்லோருக்கும் பெருமை. சரி, பெருமைப்படட்டும். ஆனால் அவரை உருவாக்கியது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானமும் அங்கே இருந்த பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவும். பதினான்கு வயது வரை மிதவேகம் வீசிய பிள்ளையைப் பார்த்து, நீ ஓஃப் ஸ்பின் போடு என்று சொல்ல ஒரு ஆள் தினமும் பக்கத்தில் நின்றார். அப்புறம் கொழும்பில் தமிழ் யூனியன் கழகம் இருந்தது. யாழ்ப்பாணத்து வியாஸ்காந்த் லெக் ஸ்பின்னோடு 2024இல் ஐபிஎல் வரை போனார். அவர் படித்த மத்திய கல்லூரி, சென். ஜோன்ஸ் கல்லூரியுடன் வருடாவருடம் மூன்று நாள் ஆட்டம் ஆடுகிற பள்ளிக்கூடம். மூன்று நாள்! ஒரு ஸ்பின்னருக்கு அதைவிட நல்ல வகுப்பறை வேறு எங்கே?

பந்து வீசும் பாணி பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் மைதானத்தில் ஒருவனுடைய கை கொஞ்சம் வளைந்தாலே, “எறியிறான்” என்று சத்தம் போட நாலு பேர் இருப்பார்கள். அடுத்த கிழமை அந்தப் பிள்ளை பந்தை விட்டுவிட்டு விக்கெட் காக்கப் போய்விடும். 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார் முரளிக்கு ஏழு தடவை நோ போல் கொடுத்தார். 1999இல் அடிலெய்டில் ரொஸ் எமர்சன் கொடுத்தபோது அணியை எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போனார் அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க. முரளியுடையது பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை என்பது ஆய்வுகூடத்தில் அளந்துதான் தெளிவானது. பின்னர் 2005இல், பந்து வீசும்போது முழங்கை நிமிரக்கூடியது எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை வரை என்று சர்வதேச கிரிக்கெட் சபையான ஐ.சி.சி. எல்லை வகுத்தது. வெறும் கண்ணால் பார்த்து அந்த 15 பாகையைச் சொல்ல யாராலும் முடியாது, எனக்கும் முடியாது. ஆகவே முகாமுக்கு வருகிறவர்கள் சந்தேகப்பட்டால் படம் பிடித்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். அளப்பதற்கு முன் பிள்ளையின் கையைத் திருத்தாதீர்கள்.

எங்கள் ஆடுகளம் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் சீமெந்துத் தளத்தின் மேல் விரித்த மெற்றிங்தான். மெற்றிங்கில் பந்து தானாகவே திரும்பும், எழும்பும். தனக்கு எல்லாம் வந்துவிட்டது என்று பொடியன் நினைத்துவிடுவான். புல் ஆடுகளத்தில் முதல் நாள் காலையில் போட்டுப் பார்க்கும்போது பந்து நேரே போகும், முகம் செத்துவிடும். அந்த ஒரு காலையை வைத்துத்தான் அவனைக் கழித்துவிடுகிறார்கள்.

இங்கே இருக்கிற நல்லதையும் சொல்ல வேண்டும். எங்களிடம் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று இருக்கிறது. வைகாசி தொடங்கி நாலைந்து மாதம் அடிக்கும். எதிர்காற்றில் ஓஃப் ஸ்பின் போட்டுப் பழகிய பிள்ளைக்குப் பந்து காற்றிலேயே விலகி, எதிர்பார்த்ததற்கு முன்பே குத்தும். எங்கள் அணித்தலைவர்கள் காற்றுப் பக்கத்தை வேகப்பந்துக்காரனுக்குக் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கத்தை ஸ்பின்னரிடம் தள்ளுவார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் தள்ளுகிறார்கள், பிள்ளைக்கு அது லாபம். ஆனால் பாடசாலைக் கிரிக்கெட் பருவம் செப்டெம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அதன் நடுவில்தான் எங்களுக்கு வாடை மழை. கார்த்திகை மார்கழியில் மைதானம் குளமாகக் கிடக்கும். கொழும்பில் ஆடும்போது நாங்கள் நனைகிறோம், நாங்கள் காய்ந்து நிற்கும்போது உங்கள் நாட்காட்டி காலி.

அதனால் கேட்பது இவ்வளவுதான். அடுத்த கச்சான் காலத்தில் ஒரு முறை வாருங்கள். முகாம் வேண்டாம், இரண்டு நாள் ஆட்டம் ஒன்று வையுங்கள். ஸ்பின் போடுகிற ஒவ்வொருவனுக்கும் குறைந்தது இருபது ஓவர் கொடுங்கள். வயது எல்லையை 25 ஆக்குங்கள். இங்கே புல் ஆடுகளம் ஒழுங்குசெய்ய முடியாவிட்டால் தம்புள்ளை இருக்கிறது, இங்கிருந்து நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் பெற்றோரோடு சேர்ந்து நாங்களே வழி பார்க்கிறோம். திகதியை மட்டும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள், பரீட்சைக் காலத்தில் வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு பந்துவீச்சுப் பயிற்றுநர்